தேஹு ரோட்டில் ராணியைக் காணோம்

மாலை 6.52. விளக்கு திரும்பி வந்தபோது கேரம் பலகையில் ராணி இல்லை.

விளக்கு போவதற்கு முன்பு இருந்தது. பலகையில் மிச்சம் மூன்றே காய்கள். துரைசாமிக்கு ஒரு வெள்ளை, ஜம்புநாதனுக்கு ஒரு கருப்பு, இருவருக்கும் பொதுவாகச் சிவப்பு ராணி. அடிக்கும் முறை துரைசாமியுடையது. அவர் ஸ்ட்ரைக்கரை வைத்து, ஒரு கண்ணை மூடி, விரலை மடக்கிய நேரத்தில்தான் மின்சாரம் போயிற்று. தகரக் கூரையில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல் கத்தியது.

"அழுகை ஆட்டம்! இது அழுகை ஆட்டம்!"

பிறகு விளக்கு வந்தது. வெள்ளை இருந்தது, கருப்பு இருந்தது. சிவப்பைக் காணோம்.

"எவன்லே அது?" என்றார் துரைசாமி.

1998 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. இடம் புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு தமிழ் மன்றத்தின் ஒற்றை அறைக் கட்டடம். ஆண்டுதோறும் நடக்கும் கேரம் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வழக்கமாக நாற்பது பேர் கூடுவார்கள். அன்று பெய்த மழையில் வந்தவர்கள் ஏழு பேர். சாரல் அடிக்கிறது என்று கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். ஜன்னல்களுக்கு மழைக்காலம் தொடங்கும்போதே கருப்பு பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஆணி அடித்தாயிற்று. விளக்கு போனால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கை தெரியாது.

ஆடியவர்கள் இருவரும் படைக்கலக் கிடங்கில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. துரைசாமிக்கு அம்பாசமுத்திரம், ஜம்புநாதனுக்குக் கும்பகோணம். துரைசாமியின் மகள் தேஜஸ்வினியும் ஜம்புநாதனின் மகன் சபரியும் ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டையும் இரண்டு வருடம் கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்பதில் மட்டும் அப்பாக்கள் இருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் கேரம் போட்டியில் ஜெயிப்பவர் ஊரில் கல்யாணம் என்று அவர்களாகவே கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே காணாமற்போனது வெறும் மரவட்டு அல்ல.

நடுவர் ரவிசந்திரன், சென்னை வியாசர்பாடிக்காரர். அவர் பெட்டியைத் திறந்து வேறு செட்டிலிருந்து இன்னொரு சிவப்புக் காயை எடுத்தார். "இத வச்சு ஆடுங்கப்பா. எங்க இருந்துச்சு?"

"குழி வாயில" என்றார் துரைசாமி. "ஊதினா விழுந்திரும்."

"குழியிலேர்ந்து ரெண்டு அங்குலம் தள்ளி இருந்துச்சு" என்றார் ஜம்புநாதன்.

"ரெண்டு அங்குலமா? என்ன வே ஜம்பு, வாய் கூசலையா?"

"எனக்கென்னங்க கூச்சம்? அடிக்கத் தெரியாம கரண்டு போறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தது நீங்க."

ரவிசந்திரன் காயைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். பிறகு தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்காவின் பெயர் பாமா. ஒரு வங்கியில் விஜிலன்ஸ் அதிகாரி. கிளை கிளையாகப் போய், மேலாளர்களை உட்காரவைத்து, அவர்களே மறந்துபோன விஷயங்களை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது அவர் வேலை. வீட்டில் நெய் குறைந்தாலும் அதே குரலில்தான் விசாரிப்பார். அன்று சிலேட்டில் புள்ளிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

"யாரும் வெளியே போக வேண்டாம். எல்லாரும் பையைக் காட்டுங்க."

காட்டினார்கள். சீப்பு, பொடி மட்டை, ரயில் பாஸ், சபரியின் பையில் கைக்குட்டைக்குள் ஒரே ஒரு மல்லிகைப்பூ. ராணி இல்லை. போரிக் பவுடர் டப்பாவைத் தலைகீழாகக் கொட்டியதில் ஜம்புநாதனின் கண்ணில் பவுடர் விழுந்து, கண் சிவந்து நீர் வழிந்தது. மன்றத்தின் சமையல் பொறுப்பாளர் விச்சு, டார்ச் விளக்குடன் மேசைக்கு அடியில் நுழைந்தார்.

விச்சு பாலக்காட்டுக்காரர். பூண்டு வாசமே ஆகாத குடும்பத்தில் பிறந்து, புனேக்கு வந்த பிறகு வடா பாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சிவப்புப் பூண்டு சட்னிப் பொடியில் மயங்கியவர். ஆட்டம் முடிந்ததும் பரிமாறுவதற்காக ஓர் அடுக்கு நிறைய உருளைக்கிழங்கு வடாவும், ஒரு பெரிய கிண்ணம் நிறைய அந்தப் பொடியும் கொண்டுவந்திருந்தார். "மொளகாயும் கொப்பரையும் நானே இடிச்சதாக்கும்" என்று வந்த உடனேயே எல்லோருக்கும் காட்டி, கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிச் சமப்படுத்தி மூடி வைத்திருந்தார்.

"வடாவையெல்லாம் பிச்சுப் பாக்கணும்" என்றார் துரைசாமி.

மேசைக்கு அடியிலிருந்து விச்சுவின் தலை வெளியே வந்தது. "என்னைப் பிச்சுட்டு அப்பறம் வடாவைப் பியுங்கோ."

"வேண்டாம் அப்பா" என்றாள் தேஜஸ்வினி. "சாப்பாடு பக்கம் நான் பாத்துட்டேன். ஒண்ணும் நாஹீ."

அவள் தேஹு ரோட்டிலேயே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, இப்போது அதே பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள். தமிழ் வீட்டு அளவுக்கு வரும். விளக்கு போனபோது அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு ஓரடி பின்னால் சாப்பாட்டு மேசை.

7.05. கதவு தட்டப்பட்டது.

ரவிசந்திரன் திறந்தார். சொட்டச் சொட்ட நனைந்த போலீஸ் ஹவல்தார் காம்ப்ளே, மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தார். துரைசாமி அவரைக் கண்டதும் தெய்வத்தைக் கண்டதுபோல எழுந்தார்.

"ஹவல்தார் சாஹேப்! ராணி காணோம்! ராணி காயப்!"

காம்ப்ளேயின் முகம் மாறியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வயசு என்ன?" என்று மராத்தியில் கேட்டார்.

"இந்த வருஷம் வாங்கினதுதான்" என்றார் ரவிசந்திரன்.

"வாங்கினதா?" காம்ப்ளேயின் கை லத்திக்குப் போயிற்று. "என்ன உடுத்தியிருந்தாள்?"

"செவப்பு" என்றார் துரைசாமி.

பாமா குறுக்கிட்டுப் பலகையைக் காட்டி விளக்கியிராவிட்டால் அன்று தமிழ் மன்றம் முழுவதும் கம்பிக்குள் போயிருக்கும். காம்ப்ளே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். தேஜஸ்வினி ஓடிப்போய் ஒரு தட்டில் இரண்டு வடா வைத்துக் கொடுத்தாள்.

"சட்னி?" என்றார் அவர்.

"ஸம்பலீ" என்றாள் தேஜஸ்வினி தாழ்ந்த குரலில். தீர்ந்துவிட்டதாம். காம்ப்ளே வடாவை ஒரு முறை சோகமாகப் பார்த்துவிட்டுக் கடித்தார். விச்சு அப்போது மேசைக்கு அடியில் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருந்தார்.

வடா உள்ளே போனதும் ஹவல்தாருக்குக் கடமை நினைவு வந்தது. "இருட்டில் யாராவது ஏதாவது பேசினார்களா?"

ரவிசந்திரன், நேர்மையான மனிதர், கேட்டதைக் கேட்டபடி தன் மராத்தியில் பெயர்த்தார். யாரோ அழுகையைப் பற்றிக் கத்தினார்கள், அழுகையின் ஆட்டம் என்று.

"யார் அழுதது?" காம்ப்ளே எழுந்து ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜம்புநாதனிடம் வந்ததும் நின்றார். கண்கள் சிவந்து, கன்னத்தில் ஈரம். "இவர்தான்!"

"பவுடர் சார்! போரிக் பவுடர்!"

"அழறவங்களைத் தேட வேண்டாம்" என்றார் பாமா மராத்தியில். "விளையாட்டுல விதியை மீறி ஏமாத்தறதுக்கு எங்க பாஷையில அப்படி ஒரு பேர்."

காம்ப்ளே ஒரு கணம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "ரடீச்சா டாவ்! எங்கள் பிள்ளைகளும் இதையேதான் சொல்லும். ரடணே என்றால் அழுவது. தோற்கப்போகிறவன் அழுது ஆட்டத்தைக் கெடுப்பான் இல்லையா, அதனால் ரடீச்சா டாவ்."

"எங்க அழுகுணி ஆட்டமும் அதேதானுங்க" என்றார் ஜம்புநாதன் தன்னையறியாமல்.

"பாத்தியளா!" துரைசாமி துள்ளினார். "வாய்லயே வந்துட்டு! எங்க பக்கத்துல அத அளாப்புன்னு சொல்லுவோம். அளாப்புத என்பான், அளாப்பி என்பான். அழுகுணி கும்பகோணத்து வார்த்த. கத்துனது இவருதான், காய எடுத்ததும் இவருதான்."

"எங்க பேட்டைல போங்கு" என்றார் ரவிசந்திரன். "போங்காட்டம்."

"ஞங்கள் கள்ளக்களின்னு சொல்லுவோம்" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"எவன் என்ன சொன்னா என்ன?" ஜம்புநாதன் எழுந்து நின்றார். "முப்பது வருஷம் பழகினவனைப் பார்த்துத் திருடன்னு சொல்றதுக்குப் பேரு என்ன தெரியுமா? அத்துமீறல்! சுத்தத் தமிழ்ல சொல்றேன், அத்துமீறல்!"

காம்ப்ளே சட்டென்று நிமிர்ந்தார். "ஹத்தா? நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். இந்தக் கட்டடம் எங்கள் ஸ்டேஷன் ஹத்தில் வராது. வராந்தா மட்டும்தான் வரும்."

"இவரு எதுக்குங்க என் வார்த்தையைச் சொல்றாரு?" என்றார் ஜம்புநாதன்.

"அவங்க வார்த்தையைத்தான் நீங்க சொன்னீங்க" என்றார் பாமா. "அரபியில ஹத்துன்னா எல்லை. மராத்திக்கும் வந்தது, நமக்கும் வந்தது. நம்ம வாயில ஹ தேய்ஞ்சு அத்து ஆயிடுச்சு. அத்து மீறல்னா எல்லை மீறல்."

சுத்தத் தமிழ் என்று நம்பிய ஒன்று கையை விட்டுப் போன துக்கத்தில் ஜம்புநாதன் மறுபடியும் உட்கார்ந்தார். ஆனால் துரைசாமி உட்காரவில்லை.

"எம்மா பாமா, எனக்கு வார்த்த வேண்டாம். காய் வேணும். காய எடுத்தவரு வீட்டுல என் பொண்ணக் குடுக்க எனக்கு மனசு இல்ல. வெள்ளிக்கிழம ஒண்ணும் கிடையாது. சம்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

தேஜஸ்வினி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

ஜன்னல் ஓரத்திலிருந்து சபரி முன்னால் வந்தான். சாகண் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பன்னிரண்டாம் வகுப்பு வரை கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன்.

"அப்பாவைச் சொல்லாதீங்க மாமா. நான்தான் எடுத்தேன்."

"டேய்!" என்றார் ஜம்புநாதன்.

பாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு சபரி. எங்கே நின்னுட்டு இருந்தே?"

"ஜன்னல்கிட்ட."

"இருட்டுல பலகைக்கு வந்தே?"

"ஆமா ஆன்ட்டி."

"வழியில என் நாற்காலி இருந்தது. இடிக்கலையே?"

"சுத்தி வந்தேன்."

"காயை என்ன பண்ணினே?"

"ஜன்னல் வழியா வெளியே எறிஞ்சிட்டேன்."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஷீட்டில் அடித்த ஆணிகள் வரிசையாக மின்னின. சபரியும் பார்த்தான்.

"சரி. கத்தினது?"

"நான்தான்."

"அப்படியே கத்து, கேட்கலாம்."

சபரி மூக்கைப் பிடித்துக்கொண்டான். "அழுகுணி ஆட்டம்! இது அழுகுணி ஆட்டம்!"

பாமா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வங்கியில் அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் ராஜினாமா கடிதம் எழுதத் தொடங்கலாம் என்று சொல்வார்கள்.

"நன்றி. நீ இல்லை."

பிறகு காம்ப்ளேயிடம் திரும்பி, "வடா எப்படி?" என்று கேட்டார்.

"நன்றாக இருந்தது. சட்னிதான் இல்லை."

மேசைக்கு அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். விச்சு தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். "சட்னி இல்லையா? யார் சொன்னா? கிண்ணம் நிறையன்னா வச்சிருக்கேன்! ஒருத்தரும் இன்னும் தொடலை!"

"அதுதான்" என்றார் பாமா. "யாரும் தொடாத சட்னி எப்படித் தீரும்?"

7.25. பாமா எழுந்து நின்றார். சத்தம் போடாமல்தான் பேசினார்.

"இருட்டுல வந்த சத்தத்தை நம்ம எல்லாரும் கேட்டோம். அப்பறம் எல்லாரும் அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம்னே பேசிக்கிட்டோம். ஆனா கத்தினவங்க அப்படிச் சொல்லவே இல்லை. 'அழுகை ஆட்டம்'னாங்க. அப்படி ஒரு வார்த்தையே தமிழ்ல கிடையாது. நமக்குப் பழகின வார்த்தை வேற, அதனால காது தானே திருத்திக்கிச்சு. ரவி மட்டும் கேட்டபடியே ஹவல்தார்கிட்ட சொன்னான். உடனே அவர் என்ன சொன்னார்?"

"ரடீச்சா டாவ்" என்றார் ரவிசந்திரன் மெதுவாக.

"அளவெடுத்த மாதிரி பொருந்திச்சு. ஏன்னா அது அங்கேயிருந்து வந்த வார்த்தை. மராத்தியில நினைச்சு, அப்படியே கத்தினா மாட்டிக்குவோம்னு பயந்து, அவசரத்துல தமிழாக்கிக் கத்தியிருக்காங்க. கும்பகோணத்துல வளர்ந்த சபரிக்கு நடிக்கச் சொன்னாக்கூட அழுகுணின்னுதான் வருது. துரைசாமி அண்ணனுக்கு அளாப்பு, ரவிக்குப் போங்கு, விச்சுவுக்குக் கள்ளக்களி. இந்த அறையில தமிழ்ல ஆடாம மராத்தியில விளையாடி வளர்ந்தவங்க ஒரே ஒருத்தர்."

துரைசாமி மெல்ல மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு" என்றார் பாமா. "திருடறவன் ஜெயிக்கணும்னு திருடுவான். ஆட்டத்தைக் கலைக்கிற அழுகுணி அப்படி இல்லை, தோத்துடக் கூடாதுன்னு கலைப்பான். காய் போனதுல ரெண்டு பேருமே ஜெயிக்கலை. அப்போ யார் ஜெயிச்சாலும் தோக்கப்போறது யாருன்னு யோசிச்சேன். அம்பாசமுத்திரம்னாலும் தோல்வி, கும்பகோணம்னாலும் தோல்வி. அப்படி ஒருத்தர்தான் காய்க்குப் பக்கத்துல நின்னாங்க. ஓரடி பின்னாடி சட்னி. சிவப்புக்குள்ள சிவப்பு. தேஜஸ்வினி, ஹவல்தாருக்குச் சட்னி போடும்மா."

தேஜஸ்வினி நகரவில்லை. காம்ப்ளே தானே எழுந்து போனார். மூடியைத் திறந்து கரண்டியை ஆழமாக விட்டார். பொடியோடு பொடியாக, பூண்டு மணத்துடன் ராணி வெளியே வந்தது.

"கிடைத்துவிட்டாள்" என்றார் காம்ப்ளே.

தேஜஸ்வினி அப்போதுதான் அழுதாள். கோபமும் பயமும் கலந்த அழுகை. தமிழும் மராத்தியுமாக வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன.

"ஏமாத்துன்னு கத்தினா ஆட்டம் கேன்சல் ஆயிடும்னு நினைச்சேன் அப்பா. தேவ்டஞ்ச், அவ்வளவுதான். கல்யாணமே நிக்கும்னு எனக்குத் தெரியாது. அப்பறம் சொல்ல பயமா இருந்துச்சு. நீங்க ஜெயிச்சா உங்க ஊர். மாமா ஜெயிச்சா மாமா ஊர். அம்பாசமுத்திரத்துல எனக்கு யாரைத் தெரியும்? ரெண்டு வாட்டி போயிருக்கேன். என் ஸ்கூல், என் ஃப்ரெண்ட்ஸ், என் பசங்க எல்லாம் இங்க இருக்காங்க. அந்தச் சின்னப் பசங்க எல்லாம் 'டீச்சர் கல்யாணத்துக்கு நாங்க வருவோம்'னு டெய்லி சொல்றாங்க. யார் கேட்டீங்க என்கிட்ட? சபரிகிட்ட யார் கேட்டீங்க? கேரம் போர்டுகிட்ட கேட்டீங்க."

சபரி போய் அவள் பக்கத்தில் நின்றான். கைக்குட்டையைத் தேடினான். அது ஏற்கெனவே சோதனையில் வெளியே எடுத்து வைக்கப்பட்டு, விச்சுவின் டார்ச்சுக்கு அடியில் கிடந்தது.

துரைசாமி ராணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வேட்டி நுனியால் துடைத்தார். அவருடைய முப்பது வருட தேஹு ரோட்டு வாழ்க்கையில் அவர் ஒரு நாளும் இதை ஊர் என்று நினைத்ததில்லை. வேலை பார்க்கிற இடம், அவ்வளவுதான். மகளுக்கு இதுதான் ஊர் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது இதுவே முதல் தடவை.

ஜம்புநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாமி பலகையைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றார்.

"ஜம்பு. நான் சொன்னது தப்பு வே. வாய் தவறிட்டு."

"வாய் தவறலைங்க, மனசு தவறிடுச்சு" என்றார் ஜம்புநாதன். பிறகு தலையை நிமிர்த்தி, "எனக்கும்தான்" என்றார். "கல்யாணம் பண்ணிக்கப்போறவங்களைக் கேக்கணும்னு எனக்கும் தோணலையே."

"நடுவரே, தீர்ப்ப சொல்லும்" என்றார் துரைசாமி.

ரவிசந்திரன் தொண்டையைச் செருமினார். "வெளியாள் போங்கு பண்ணா ஆட்டம் செல்லாது. ரெண்டு பேருக்கும் வெற்றி இல்ல. ரெண்டு ஊரும் அவுட்டு."

"அப்ப இங்கதான்" என்றார் துரைசாமி.

"இங்கதான்" என்றார் ஜம்புநாதன்.

தேஜஸ்வினி நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காம்ப்ளேக்கு மொழி புரியவில்லை. ஆனால் காரியம் புரிந்தது. மூன்றாவது வடாவைச் சட்னியில் புரட்டியபடி, எந்த ஹத்தில் நடந்தாலும் கல்யாணத்துக்கு வந்துவிடுவதாக அறிவித்தார்.

7.50. மழை விட்டது. விச்சு எல்லோருக்கும் டீ ஊற்றினார். துரைசாமியும் ஜம்புநாதனும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"சாம்பார் எங்க ஊர் ஆள வச்சு வைப்போம்" என்றார் துரைசாமி.

"அது எப்படிங்க? சாம்பார்னா எங்க பக்கத்துக்காரன்தான்."

"ஓம்ம ஊர் சாம்பார்ல என்ன இருக்கு?"

"எடுங்க போர்டை! ஆடியே பார்த்துடலாம்!"

ரவிசந்திரன் பலகையை அப்படியே தூக்கிச் சுவரில் சாய்த்தார். தேஜஸ்வினி ஒரு நாற்காலியை இழுத்து வந்து இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் வகுப்பைப் பார்ப்பது போல வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"சாம்பார் வேண்டாம்" என்றாள். "எங்களுக்கு எங்க ஊர் மிசள் பாவ்."

இருவரும் வாயைத் திறந்தார்கள். பிறகு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூடினார்கள்.